மனைவியைச் சார்ந்தவர்

அந்த மனிதரை அந்தக் கட்டடத்துத் தமிழர்கள் எல்லோரும் எம்.டி. என்றுதான் கூப்பிடுவார்கள். கூப்பிடுகிறவர்களில் பாதிப் பேர் உள்ளுக்குள் சிரித்துக்கொண்டேதான் கூப்பிடுவார்கள். அவருக்கு அது உறைத்ததே இல்லை. மேனேஜிங் டைரக்டர் என்று அச்சடித்த விசிட்டிங் கார்டுகளை ஒரு கத்தை சட்டைப்பையில் வைத்துக்கொண்டுதான் குப்பை கொட்டக்கூடக் கீழே இறங்குவார். என்ன கம்பெனி என்றால் இம்போர்ட் எக்ஸ்போர்ட் என்பார். எதை இம்போர்ட், எதை எக்ஸ்போர்ட் என்று மேற்கொண்டு கிண்டினால் அதெல்லாம் மல்டி லைன் என்று கையை வீசிவிட்டு நகர்ந்துவிடுவார். ஊரை விட்டு அந்த வெளிநாட்டுக்கு வந்த பிறகு அவர் இறக்குமதி செய்ததெல்லாம் முக்குக் கடையிலிருந்து வீட்டுக்குப் பால் பாக்கெட். அதுவும் மனைவி இரண்டு தடவை போன் போட்டால்தான் வந்து சேரும்.

சம்பாதித்தது மனைவி. அவளுக்கு அந்தக் கட்டடத்தில் பல் அக்கா என்று பெயர். பல் செய்கிறவள். பல் டாக்டர் இல்லை. நோயாளியின் வாயில் எடுத்து டாக்டர்கள் அனுப்புகிற அச்சை வைத்துக்கொண்டு பட்டறையில் உட்கார்ந்து பல்செட் செய்து கொடுக்கிறவள். அச்சில் பிளாஸ்டரை ஊற்றி ஈறின் வார்ப்பை எடுப்பாள். அதன் மேல் மெழுகில் கரை கட்டி, ஒவ்வொரு பல்லாகச் செருகி, மேல்வரிசையும் கீழ்வரிசையும் ஒன்றையொன்று சரியாகக் கடிக்கிறதா என்று பார்ப்பாள். பிறகு மெழுகை வெந்நீரில் உருக்கி ஓட்டிவிட்டு, அந்த இடத்தில் ஈறு நிறத்துப் பிளாஸ்டிக் மாவை அழுத்தி வேகவைத்து எடுப்பாள். ராவி, தேய்த்து, பளபளப்பு ஏற்றி டப்பாவில் போட்டு அனுப்பினால், முகம் தெரியாத ஒரு கிழவர் மறுபடியும் மென்று தின்ன ஆரம்பிப்பார். மெழுகு வாசனை அவள் தலைமுடியை விட்டுப் போவதே இல்லை.

ஊரில் ஒரு பல் ஆஸ்பத்திரியில் டோக்கன் கொடுக்கிற வேலைக்குத்தான் முதலில் சேர்ந்தாள். பின்கட்டில் பல் செய்கிறவருக்குக் கண் மங்கிக்கொண்டே வந்தது. இவள் அவர் பக்கத்தில் நின்று நிறம் பார்த்துச் சொல்லி, அப்புறம் மெழுகைப் பிடித்து, அப்புறம் கத்தியைப் பிடித்து, கடைசியில் நாற்காலியையே பிடித்துவிட்டாள். அந்த வெளிநாட்டில் கிழடுகள் அதிகம், பல் செய்கிறவர்கள் குறைவு என்று கேள்விப்பட்டு ஒரு ஏஜென்சி மூலமாக எழுதிப் போட்டாள். ஆள் எடுக்க வந்த மூன்று பேர் எதிரில் உட்கார்ந்து பார்க்க, மேலும் கீழுமாக ஒரு முழு செட்டைச் செய்து காட்டினாள். அவர்கள் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்கள், தலையை ஆட்டினார்கள். வேலை விசா வந்தது. வந்தது அவள் பெயருக்கு. அவளுடைய விசாவைப் பிடித்துக்கொண்டு புருஷனுக்கும் மகளுக்கும் இன்னும் இரண்டு வந்தன. அவருடைய பர்மிட்டில் தொழில் என்ற இடத்தில் அந்த ஊர் பாஷையில் ஒரு வரி போட்டிருந்தது. தமிழில் சொன்னால், மனைவியைச் சார்ந்தவர்.

அந்த வரியை அவர் யாருக்கும் காட்டியதில்லை. பிசினஸை வெளிநாட்டுக்கு மாற்றுகிறேன் என்று ஊரில் சொல்லிவிட்டுத்தான் கிளம்பினார். வழியனுப்ப வந்த சொந்தக்காரர்களெல்லாம் அவரோடு நின்றுதான் போட்டோ எடுத்துக்கொண்டார்கள். இவள் ஓரமாக நின்று பெட்டிகளுக்குக் கயிறு கட்டிக்கொண்டிருந்தாள். பிசினஸ் என்று ஒன்று ஊரில் இருந்ததா என்றால் அதுவும் இல்லை. ஒரு ஜெராக்ஸ் கடை, ஒரு தண்ணீர் கேன் ஏஜென்சி, அப்புறம் ஏதோ ஒரு நிலத் தரகு. எல்லாவற்றுக்கும் கார்டுதான் முதலில் அடிப்பார். கார்டில் மை காய்வதற்குள் கடையை மூடிவிடுவார். பழி மட்டும் எப்போதும் பார்ட்னர் மேல்தான்.

வெளிநாட்டில் வந்து இறங்கியதும் வீடு பிடித்தது அவள், மகளைப் பள்ளிக்கூடத்தில் சேர்த்தது அவள். அவர் புதுக் கார்டு அடித்தார். தலைமை அலுவலகம் என்று போட்டு அவர்கள் குடியிருந்த ஃபிளாட்டின் முகவரி. அலுவலகத் தொலைபேசி என்று போட்டு அவளுடைய செல் நம்பர். ஏன் உங்க நம்பரைப் போடக்கூடாதா என்று கேட்டதற்கு, டைரக்டர் நேரடியா போன் எடுத்தா மதிப்பிருக்காது என்றார். இவள் பட்டறையில் கையெல்லாம் பிளாஸ்டரோடு இருக்கும்போது போன் அடிக்கும். ஊரிலிருந்து எவனாவது சார் இருக்காரா என்பான். சார் அந்த நேரத்தில் பூங்கா பெஞ்சில் காலை நீட்டி உட்கார்ந்து, இன்னொரு வெட்டி ஆபீசரிடம் உலகப் பொருளாதாரத்தை அலசிக்கொண்டிருப்பார்.

அவளுக்கு அவர் மேல் கோபம் என்று சொல்ல முடியாது. கோபப்பட்டுச் சலித்து, அது எப்போதோ ஆறிப் போய்விட்டது. மிச்சம் இருந்தது இளக்காரம்தான். அவர் செருப்பைத் தேடுகிற சத்தம் கேட்டாலே அவளுக்கு இளக்காரமாக இருக்கும். போனில் தன் அண்ணனிடம் அவர் குரலைக் கனமாக்கிக்கொண்டு பேசும்போது, அடுப்படியில் நின்றபடி உதட்டைச் சுழித்துக்கொள்வாள். மகள் எட்டாம் வகுப்பு. அவளுக்கும் எல்லாம் தெரியும். அப்பா என்ன வேலை என்று பள்ளிக்கூடத்தில் கேட்டால், அம்மா பல் செய்யறாங்க என்று பதில் சொல்கிற பிள்ளை.

பர்மிட்டுக்குக் காலம் முடிந்துகொண்டு வந்தது. இந்த முறை வாங்கிவிட்டால் நீண்ட காலத்துக்கு அங்கேயே இருக்கலாம். மகள் மேல்படிப்பு வரை அங்கேயே படிக்கலாம். வாங்காவிட்டால் மூட்டையைக் கட்ட வேண்டியதுதான். அதற்கு அந்த ஊர் பாஷையில் பரீட்சை உண்டு. பட்டறை முடிந்து, கண் எரிய எரிய மாலை வகுப்புக்குப் போய், பிள்ளைகள் படிக்கிற பாடப் புத்தகத்தை வைத்துக்கொண்டு அவள் தட்டுத் தடுமாறிப் பாஸ் செய்தாள். எம்.டி.யும் வகுப்புக்கு வந்து பார்த்தார். இரண்டாம் நாளே, வாத்தியாருக்கு ஸ்டாண்டர்டு பத்தாது என்று நின்றுவிட்டார்.

மனுப் போட மூன்று பேரும் குடியேற்ற அலுவலகத்துக்குப் போனார்கள். டோக்கன் எடுத்து, காத்திருந்து, கவுன்டரில் இருந்த அதிகாரியம்மா முன்னால் நின்றார்கள். எல்லாம் ஒழுங்காகத்தான் போய்க்கொண்டிருந்தது. மகளின் போட்டோ அளவு சரியில்லை என்று இவள் வேறு போட்டோவைப் பைக்குள் துழாவிக்கொண்டிருந்தாள். அந்த நேரத்தில் அதிகாரியம்மா எம்.டி.யைப் பார்த்து, நீங்கள் யார் என்று சும்மா வழக்கமாகக் கேட்கிற மாதிரிக் கேட்டார். புருஷன் என்று ஒரு வார்த்தை சொன்னால் தீர்ந்தது. அந்த மனிதர் நெஞ்சை நிமிர்த்திச் சட்டைப்பையில் கையை விட்டார். விசிட்டிங் கார்டை எடுத்து, இரண்டு கையாலும் பிடித்து, கண்ணாடிக்கு அடியில் இருந்த இடுக்கு வழியாகத் தள்ளினார். இவள் நிமிர்ந்து பார்ப்பதற்குள் அந்தம்மா அதை வாங்கிப் படித்துவிட்டார். முகத்தில் ஒன்றையும் காட்டவில்லை. கார்டைக் கோப்பில் சேர்த்துக் கிளிப் போட்டார்.

கவுன்டரில் கார்டு நீட்டினால் மரியாதையாக நடத்துவார்கள் என்பது அவருடைய வாழ்நாள் நம்பிக்கை. ஊரில் தாலுகா ஆபீசிலிருந்து பிணவறை வரைக்கும் அப்படித்தான் நீட்டிக்கொண்டு அலைந்தார். பார்த்தியா, அப்புறம் எப்படி மரியாதையா உக்காரச் சொன்னாங்க என்று வெளியே வந்து மகளிடம் பீற்றிக்கொண்டார். அந்தம்மா எல்லோரையும்தான் உட்காரச் சொன்னார். இவள் அந்தக் கார்டில் இருந்த தன் செல் நம்பரையே நினைத்துக்கொண்டு நடந்தாள்.

பயந்தபடியே கடிதம் வந்தது. சார்ந்தவர் பர்மிட்டில் இருக்கிறவர் தொழில் எதுவும் நடத்தக் கூடாது. நடத்துவதாகத் தெரிகிறது. அந்தத் தொழிலின் தொலைபேசி மனைவியுடையது. ஆகவே, ஒரே ஒரு பட்டறையில் மட்டும் வேலை செய்ய அனுமதி உள்ள மனைவியும் அதற்கு உடந்தையா என்று சந்தேகம் எழுகிறது. நேரில் வந்து விளக்க வேண்டும். விளக்கம் திருப்தி இல்லையென்றால் மூவரின் பர்மிட்டும் ரத்து. நகல் கிடைத்த பட்டறை முதலாளி அதை இரண்டு முறை வாசித்துவிட்டு, உனக்கு இன்னொரு பிசினஸ் இருக்கிறதா என்று அவளிடமே கேட்டார். அவளுக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது. இத்தனை வருடம் தேய்த்துத் தேய்த்துச் சேர்த்த பெயரை ஒரு துண்டு அட்டை தின்றுவிட்டுப் போகிறது.

வீட்டில் அவரை உட்காரவைத்துப் பேசினாள். செய்ய வேண்டியது ரொம்பச் சின்ன காரியம். நான் வேலை வெட்டி எதுவும் செய்யவில்லை, கார்டு சும்மா அடித்தது என்று அங்கே போய்ச் சொல்ல வேண்டும். பொய்கூடச் சொல்ல வேண்டியதில்லை. அவர் வாழ்க்கையிலேயே முதல் முறையாக உண்மை அவருக்கு உபயோகப்படுகிற சமயம் அது. மனிதர் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார்.

"நான் சும்மா உக்காந்திருக்கேன்னு ஒரு பொம்பள அதிகாரிகிட்டப் போய் என் வாயால சொல்லணுமா?"

"சும்மாதானங்க உக்காந்திருக்கீங்க."

"அது உனக்குத் தெரியும். ஊருக்குத் தெரியணுமா?"

அதற்குப் பிறகு அவரே ஒரு யோசனை கண்டுபிடித்தார். கம்பெனி ஊரில் இருக்கிற அண்ணனுடையது, தான் இங்கே அதன் பிரதிநிதி என்று சொல்லிவிடலாமாம். அப்படிச் சொன்னால் அன்று மாலையே விமானம் ஏற்றிவிடுவார்கள் என்று மகள் பாடப் புத்தகத்திலிருந்து தலையை எடுக்காமலே சொன்னாள். பெரியவர்கள் பேசும்போது குறுக்கே பேசாதே என்று பிள்ளையை அதட்டினார். அதட்ட மட்டும் அவருக்கு எந்த பர்மிட்டும் வேண்டாம்.

விசாரணை நாளில் மகள் பள்ளிக்கூடம் போய்விட்டாள். அலுவலகத்தின் உள்ளறை ஒன்றில் அதே அதிகாரியம்மா உட்கார்ந்திருந்தார். எம்.டி.க்குப் பாஷை தெரியாதே என்று தமிழ் தெரிந்த ஒரு மொழிபெயர்ப்பாளரை வரவழைத்திருந்தார்கள். வழித்து வாரிய நரைமுடி, கழுத்தில் டை. எம்.டி.யைப் பார்த்ததும் அவர் எழுந்து கை கொடுத்தார். ஆம்பளைக்கு ஆம்பளை ஒரு பார்வை பார்த்துக்கொண்டார்கள். இவளுக்கு அந்தப் பார்வையே பிடிக்கவில்லை.

இந்தக் கார்டு உங்களுடையதா என்று அதிகாரியம்மா கேட்டார். ஆமாம் என்றார் எம்.டி. என்ன தொழில் என்று கேட்டார். வழியெல்லாம் இவள் கிளிப்பிள்ளைக்குச் சொல்வது போலச் சொல்லிக் கூட்டிவந்திருந்தாள். அந்த மனிதர் காலுக்கு மேல் காலைப் போட்டார்.

"தற்சமயம் பல முதலீடுகள ஆராய்ஞ்சுகிட்டு இருக்கேன்னு சொல்லுங்க."

மொழிபெயர்ப்பாளர் அதை அப்படியே சொன்னார். அதிகாரியம்மா குறித்துக்கொண்டார். எந்தெந்த முதலீடு என்றார். இவர் மல்டி லைன் என்று ஆரம்பித்தார். அந்தம்மா பேனாவை வைக்கவே இல்லை. அவர் அளக்க அளக்க எழுதிக்கொண்டே போனார். தன் பட்டறை நாற்காலி, மகளின் பள்ளிக்கூடம், எல்லாம் அந்தப் பேனா முனையில் ஒவ்வொன்றாகப் போவது இவளுக்குக் கண்ணெதிரே தெரிந்தது. அதற்கு மேல் பொறுக்க முடியாமல் மொழிபெயர்ப்பாளர் பக்கம் திரும்பினாள்.

"ஐயா, இவர் எந்த வேலையும் பாக்கலை. இங்கயும் பாக்கலை, எங்க ஊர்லயும் உருப்படியா பாத்ததில்லை. கம்பெனின்னு ஒண்ணு கிடையவே கிடையாது, கார்டு மட்டும்தான் இருக்கு. இத அப்படியே அவங்ககிட்ட சொல்லுங்க."

மொழிபெயர்ப்பாளர் கனைத்துக்கொண்டார். அப்புறம் அந்த ஊர் பாஷையில் மெதுவாக, அழகாக ஏதோ சொன்னார். இவள் பரீட்சை பாஸ் செய்தவள் என்பது அவருக்குத் தெரியாது. கணவர் சொந்த ஊரில் மதிப்புள்ள மனிதர், இப்போதைக்கு ஓய்வில் இருந்தபடி தக்க வாய்ப்பை எதிர்பார்த்திருக்கிறார் என்று பூசி மெழுகிக்கொண்டிருந்தார். இவள் முறைத்ததைப் பார்த்துவிட்டு, தாழ்ந்த குரலில் சமாதானம் வேறு சொன்னார்.

"அம்மா, புருஷனப் பத்தி வெளியாள் முன்னாடி அப்படிச் சொல்லக் கூடாது. நான் கொஞ்சம் பக்குவமா சொல்லியிருக்கேன்."

பக்குவமாம். மூன்று பேர் பிழைப்பு போனாலும் போகட்டும், ஒரு ஆம்பளையின் மானம் போகக்கூடாது. அதற்குச் சம்பளம் வாங்கிக்கொண்டு டை கட்டி வந்திருக்கிறார் இவர். அவள் நாற்காலியை அதிகாரியம்மா பக்கம் நகர்த்திப் போட்டு, அந்த ஊர் பாஷையில் தானே பேசினாள். அவளுக்கு அந்தப் பாஷையில் நாசூக்குத் தெரியாது. மாலை வகுப்பில் அதைச் சொல்லித் தரவில்லை. வகுப்பில் ஒப்பிப்பது போல ஒவ்வொரு வாக்கியமாகச் சொன்னாள். இவர் வேலை செய்யவில்லை. போன வருடமும் வேலை செய்யவில்லை. இந்தக் கார்டு பொய். இந்த எண் என்னுடையது. வாடகை நான் கொடுக்கிறேன். சாப்பாடு நான் போடுகிறேன்.

அப்படியானால் பகல் முழுக்க என்ன செய்கிறார் என்று அந்தம்மா கேட்டார். எழுந்திருக்கிறார், சாப்பிடுகிறார், போனில் பேசுகிறார், தூங்குகிறார் என்றாள். வினைச்சொற்கள் பாடத்தில் முதல் பக்கத்தில் வருகிற நான்கு சொற்கள். அந்தம்மா உதட்டை மடித்துச் சிரிப்பை அடக்கிக்கொண்டார். மொழிபெயர்ப்பாளர் கூரையைப் பார்த்தார். எம்.டி.க்கு வார்த்தை புரியாவிட்டாலும், தன்னைப் பற்றி என்ன மாதிரிப் பேச்சு ஓடுகிறது என்பது மட்டும் புரிந்துவிட்டது. நான் வெளிய இருக்கேன் என்று நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்து போனார்.

அவர் போனதும் காரியம் சுலபமாக நடந்தது. வங்கிக் கணக்குகளைப் பார்த்தார்கள். அவர் கணக்கில் வந்ததெல்லாம் இவள் போட்டது. பட்டறை முதலாளி கொடுத்த கடிதத்தைப் பார்த்தார்கள். தொழில் எதுவும் இல்லை என்று அதிகாரியம்மா எழுதிக் கையெழுத்துப் போட்டார். உங்களுக்குப் பர்மிட் உண்டு என்றார். பிறகு இரண்டு தாள்களை எடுத்து நீட்டினார். ஒன்று மகளுக்கு, ஒன்று கணவருக்கு. அவர்களைக் காப்பாற்றும் பொறுப்பு என்னுடையது என்று அவள் ஒவ்வொன்றிலும் கையெழுத்துப் போட்டு வெளிக் கவுன்டரில் கொடுக்க வேண்டும். கட்டாயம் எதுவும் இல்லை என்று அந்தம்மா சொன்னார். யாருக்குக் கையெழுத்து இல்லையோ, அவர் இப்போதைய பர்மிட் முடிகிற வரையில் இருக்கலாம், அப்புறம் ஊருக்குப் போய்விட வேண்டும்.

கட்டாயம் எதுவும் இல்லை. இதை அவளிடம் இதுவரை யாரும் சொன்னதில்லை. கல்யாணத்தன்றும் சொல்லவில்லை.

அப்படியும் அவள் கையெழுத்துப் போடத்தான் இருந்தாள். அதையும் சொல்லியாக வேண்டும். வெளிக்கூடத்தில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து மகளுடைய தாளை முதலில் நிரப்பிக் கையெழுத்துப் போட்டாள். அவருடைய தாளிலும் பெயர், உறவு எல்லாம் எழுதினாள். தொழில் என்ற இடத்தில் இல்லை என்று எழுதினாள். கரண்ட் பில் கட்டுகிற மாதிரி இதையும் கட்டித் தொலைப்போம் என்றுதான் பேனாவைக் கீழே கொண்டுபோனாள். தொலையட்டும், பிள்ளைக்கு அப்பா.

எம்.டி. தண்ணீர் மெஷின் பக்கத்தில் முதுகைக் காட்டி நின்று ஊரில் இருக்கிற அண்ணனோடு போன் பேசிக்கொண்டிருந்தார். கூடத்தில் வேறு யாருக்கும் தமிழ் தெரியாது என்ற தைரியத்தில் குரல் பெரிதாகவே இருந்தது.

"எல்லாம் முடிஞ்சுதுண்ணே. நான் உள்ள போய் ரெண்டு வார்த்தை பேசினேன், அதோட அடங்கிட்டாங்க. இவ நடுவுல வாயத் திறந்து கெடுக்கப் பாத்தா. இவளுக்கு என்ன தெரியும். அடுத்தவன் எச்சில்ல கைய விட்டுப் பொழைக்கிறவ. எச்சில் தொழில் பாக்கிறவளுக்குப் பெரிய மனுஷங்ககிட்டப் பேசத் தெரியுமா?"

எச்சில் தொழில். அவள் பட்டறைக்கு எந்த வாயும் வருவதில்லை. அச்சுதான் வரும், பிளாஸ்டரும் மெழுகும்தான் வரும். இத்தனை வருடமாக அந்தத் தொழில் காசில் தின்று, அதில் சட்டை வாங்கிப் போட்டு, அதில் போனுக்குப் பணம் கட்டி அதே போனில் பேசுகிறவருக்கு, அங்கே என்ன நடக்கிறது என்றுகூடத் தெரியாது. ஒரு நாள் எட்டிப் பார்த்ததில்லை. அவள் பேனாவை மூடினாள். எழுந்து கவுன்டருக்குப் போய் இரண்டு தாளையும் கொடுத்தாள். கவுன்டர் பெண் இரண்டாவது தாளில் வெறுமையாக இருந்த கோட்டைச் சுட்டிக் காட்டி, இங்கே கையெழுத்து விட்டுப் போயிருக்கிறதே என்றாள். விட்டுப் போகவில்லை, போடவில்லை என்றாள் இவள். இதையும் பிழையில்லாமல் அந்த ஊர் பாஷையிலேயே சொன்னாள். கவுன்டர் பெண் ஒரு விநாடி அவளைப் பார்த்துவிட்டு முத்திரை குத்தி வாங்கி வைத்துக்கொண்டாள்.

எம்.டி. போனைக் காதிலிருந்து கொஞ்சம் விலக்கி, முடிஞ்சுதா, கிளம்பலாமா என்று கேட்டார்.

"எனக்கும் பாப்பாவுக்கும் முடிஞ்சுது. உங்களுக்கு நான் கையெழுத்துப் போடலை. இப்ப இருக்கிற பர்மிட் முடியற வரைக்கும் இருக்கலாமாம். அப்புறம் ஊருக்குப் போயிரணும்."

அவருக்குப் புரியச் சற்று நேரம் பிடித்தது. அப்புறம் பேசுறேண்ணே என்று போனை வைத்தார். கத்தப் போகிறார் என்று அவள் நினைத்தாள், அவர் கத்தவில்லை. நீ இல்லாமல் எப்படி என்றும் கேட்கவில்லை. பிள்ளை என்ன நினைக்கும் என்றும் கேட்கவில்லை. யாராவது கேட்டுவிட்டார்களா என்று கூடத்தை ஒரு சுற்றுப் பார்த்தார். குரல் ரொம்ப இறங்கிப் போயிருந்தது.

"ஊர்ல போய் நான் என்னன்னு சொல்றது?"

"சொல்றதுக்கு உங்களுக்கு நான் கத்துக்குடுக்கணுமா?" என்றாள் அவள். "இத்தனை வருஷமா சொன்னீங்களே, அது மாதிரி ஒண்ணு சொல்லுங்க."

பட்டறையில் ஒரு செட் மெழுகோடு பாதியில் நின்றுகொண்டிருந்தது. சாயங்காலத்துக்குள் அதை முடித்தாக வேண்டும். அவள் பையை மாட்டிக்கொண்டு படியிறங்கிப் பஸ்ஸுக்கு நடந்தாள்.